மணிக்கூண்டுக்குப் போகும் வழி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நான் நலம், என் வலது முழங்கை மட்டும் நலமில்லை. மணிக்கயிற்றை இழுத்து இழுத்து அது தனிக்கட்சி ஆரம்பித்துவிட்டது. உன் சளி விட்டதா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

நம் தேவாலயத்துக்கு வருகிற நவம்பரில் நூற்றைம்பது வயது முடிகிறது. சிறப்பு மலர் போடுகிறார்கள். கட்டடத்தின் வரலாற்றை எழுதும் வேலையைக் கமிட்டி என் தலையில் கட்டிவிட்டது. "நீ அச்சகத்துல பிழை திருத்தறவ. எழுதறவங்க பண்ற தப்பெல்லாம் உனக்குத்தானே அத்துப்படி" என்றார் செயலாளர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கிறவள் தானும் தப்பில்லாமல் எழுதிவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை.

இதுவரை சேர்த்தது கொஞ்சம்தான். சுவர் கல்லும் சுண்ணாம்பும். முதல் கூரை நாலே வருஷத்தில் சரிந்தது. பலிபீடம் நடுவிலிருந்து ஒரு முழம் விலகியிருப்பதற்குக் காரணம், அளந்த கயிறு மழையில் நனைந்து சுருங்கியது. மணிக்கூண்டு நாற்பது வருஷம் கழித்துத்தான் வந்தது. மணி ஏதோ ஒரு ரயில் நிலையத்துக்காக வார்த்ததாம். ரயில் பாதை வேறு ஊர் வழியாகப் போய்விட்டதால் கேட்பாரற்றுக் கிடந்ததை நம்மவர்கள் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். மணிக்கூண்டுப் படிக்கட்டின் கதவு ஏன் கூண்டை ஒட்டிய நம் வீட்டுச் சமையலறைக்குள் திறக்கிறது? கொத்தனார் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டிவிட்டார் என்று அப்பா சொல்வார், நாம் விழுந்து விழுந்து சிரிப்போம். அது நிஜமா? நீதான் அப்பாவோடு அதிகம் மேலே ஏறியவன்.

இப்போது முக்கியமான செய்தி. அச்சகம் ஜூன் முதல் தேதியிலிருந்து பெரிய ஊருக்கு மாறுகிறது. பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். முதலாளி என்னையும் கூப்பிடுகிறார், மாடியில் ஒரு அறையும் தருகிறாராம். எனக்குப் போக ஆசையாக இருக்கிறது அண்ணா. ஆசையென்ன, பைத்தியமாக இருக்கிறது. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. பன்னிரண்டு மணியை அடித்துவிட்டுப் பஸ் ஏறினால் மூன்று மணி நேரம் போகலாம், இறங்கிய காலோடு திரும்ப வேண்டும். பதினோரு வருஷமாக என் உலகம் அந்த மூன்று மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது.

மணிக்காரர் குடும்பத்தில் ஒருவர்தான் அடிக்க வேண்டும், மூன்று வேளை தவறினால் வேலையும் வீடும் போகும் என்ற விதி உனக்குத் தெரியாததல்ல. பதிவேட்டில் மணிக்காரர் இன்னும் நீதான். ஏப்ரலில் வெளிநாட்டு ஒப்பந்தம் முடிந்து நிச்சயம் ஊருக்கு வந்துவிடுவேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நீ வந்தால் நான் கிளம்ப வசதியாக இருக்கும். போனில் கேட்டால் சிரித்தே சமாளித்துவிடுவாய் என்பதால் எழுதிக் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை எதிர்பார்த்து,
உன் தங்கை.


பிப்ரவரி 2

என் அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும் எனக்குக் கீழே வேலை செய்யும் பதினோரு சலவை இயந்திரங்களும். சளி போய்விட்டது. உன் முழங்கைக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு, அலட்சியம் வேண்டாம்.

நீ வரலாறு எழுதுவது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஓட்டலில் எல்லோரிடமும் சொன்னேன். எனக்கு ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன், சேர்த்துக்கொள். மூன்றாவது ஜன்னலின் நீலக் கண்ணாடியை உடைத்தது காற்றல்ல, நான். அப்பா பழி முழுவதையும் புறாக்கள் மேல் போட்டார். பாட்டுக் குழுவினர் நிற்கும் பலகை மேடையின் கீழே ஒரு முறை பூனை குட்டி போட்டு, பிரசங்கம் முழுக்க மியாவ் மியாவ் என்று கேட்டதே, அதையும் எழுது. வரலாறு என்றால் எல்லாம்தான்.

ஏப்ரல் விஷயம். இங்கே மேலதிகாரி மாறியிருக்கிறார். நானில்லாமல் ஒரு துண்டுகூட மடியாது என்கிறார். பார்க்கலாம், ஆண்டவர் வழி காட்டுவார். இந்த வயதில் தெரியாத ஊரில் தனியாக ஒரு அறையில் போய் என்ன செய்யப் போகிறாய்? சொந்த வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் நினைவாகவே இருக்கும்,
அண்ணன்.


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீயும் உன் பதினோரு இயந்திரங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். முழங்கைக்கு ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சம் தேவலை.

உன் கடிதத்தைத் தொழில்முறையில் படித்தேன். பூனைக்கும் கண்ணாடிக்கும் ஒரு முழுப் பத்தி. ஏப்ரலுக்கு நாலு வரி, அதிலும் பதில் இல்லை. கதவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அச்சகத்தில் இப்படி ஒரு பத்தி விட்டுப்போனால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார் என்று ஓரத்தில் எழுதுவேன். நீதான் மூலம், உன்னிடமே கேட்கிறேன்.

கதவைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துவிட்டது. கூரை ஓடு மாற்ற வந்த கொத்தனார் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். படிக்கட்டின் முதல் திருப்பத்தில் சுவரை விரல் மடக்கித் தட்டினார், இரண்டடி தள்ளியும் தட்டினார். "அக்கா, இது சுவரில்ல. மூடுன வாசல். மேல வளைவு தெரியுது பாருங்க" என்றார். சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வளைவு இருக்கிறது. அந்தப் பக்கம் தேவாலய முற்றம்! அப்படியானால் மணிக்கூண்டுக்கு வெளியிலிருந்து ஒரு வழி இருந்திருக்கிறது. கொத்தனார் வரைபடத்தை நேராகத்தான் பிடித்திருக்கிறார்.

வெளியாள் யாரும் நம் அடுப்பைத் தாண்டிப் போய் மணியடிக்க முடியாது என்பதால்தான் இந்த வேலை வேறு யாருக்கும் போகாமல் நம்மிடமே இருக்கிறது. வெளிவாசல் இருந்திருந்தால் நான் எத்தனையோ நாள் வேறொருவரை அடிக்கச் சொல்லிவிட்டு எங்காவது போயிருப்பேன். அப்பாவும் போன பிறகு, அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில் கூடவே இருந்திருப்பேன்.

அந்த வாசலைப் பற்றி அப்பா உன்னிடம் ஏதாவது சொன்னாரா? ஏப்ரலில் வருகிறாயா? இரண்டே கேள்விதான்.

அன்புடன்,
தங்கை.


ஏப்ரல் 4

அண்ணாவுக்கு,

நீ நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. போன் செய்தால் யாரோ எடுத்து, வேலையில் இருக்கிறார் என்கிறார்கள். கோபமென்றால் கோபம் என்று ஒரு வரி எழுது, தாங்கிக்கொள்வேன்.

முதலாளி இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார். எனக்குப் பதிலாக ஆள் தேட மனமில்லை என்றார், ஆனால் எத்தனை நாள் காத்திருப்பார்? செயலாளர் கமிட்டியின் பழைய நடவடிக்கைப் புத்தகங்களையும் கடிதக் கட்டுகளையும் இரண்டு தகரப் பெட்டியில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். வீடெல்லாம் பூச்சி மருந்து வாசனை. பன்னிரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே உட்கார்ந்து படிக்கிறேன்.

சீக்கிரம் எழுது.
தங்கை.


ஏப்ரல் 14

அன்புத் தங்கச்சிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். காய்ச்சலில் படுத்துவிட்டேன், இப்போது பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிவிட்டார்கள். என்னால் மறுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் கண்டிப்பாக வருவேன், இது சத்தியம். அதுவரை அச்சகக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடு. உள்ளூரில் உனக்கு வேறு வேலை கிடைக்காதா என்ன?

இன்னொன்று. மலரில் அந்த வாசலைப் பற்றி எழுதாதே. கூரை, மணி, கண்ணாடி என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய சுவரைத் தட்டி யாருக்கு என்ன லாபம்? கொத்தனார் வாயையும் கொஞ்சம் அடக்கி வை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்.


ஏப்ரல் 25

அண்ணா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. காய்ச்சல் விட்டது என்று எழுதியிருக்கிறாய், அது போதும்.

தகரப் பெட்டியில் கிடைத்ததைச் சொல்கிறேன். நூற்றெட்டு வருஷத்துக்கு முன்பு நம் கொள்ளுத்தாத்தா, முதல் மணிக்காரர், கப்பல் துறையில் வேலைக்குப் போக ஒரு வருஷம் விடுப்புக் கேட்டிருக்கிறார். வேறு ஆளைப் போடலாமா என்று கமிட்டி யோசித்தது. அடுத்த கூட்டத்தின் குறிப்பை அப்படியே தருகிறேன்: "மணிக்கூண்டின் வெளிவாசல் கல் வைத்து அடைக்கப்பட்டிருப்பது பார்வையிடப்பட்டது. மழைச்சாரல் உள்ளே வருவதால் தன் கணவர் புறப்படுமுன் அடைத்ததாக மணிக்காரர் மனைவி தெரிவித்தார். குடும்பப் பெண்கள் புழங்கும் சமையலறை வழியாக அந்நியர் போய்வருவது தகாது என்பதால், மணிக்காரர் திரும்பும்வரை அவர் மனைவியே அடித்துவர அனுமதிக்கப்பட்டது."

அவர் திரும்பி வந்தது பத்தொன்பது வருஷம் கழித்து. மழைச்சாரலாம்! வேலையையும் வீட்டையும் பிடித்துவைக்க, பெண்டாட்டியை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிவிட்டுப் போயிருக்கிறார். பதிவேட்டில் அந்தப் பத்தொன்பது வருஷமும் மணிக்காரர் என்று அவரைத்தான் போட்டிருக்கிறது. அந்த அம்மாளைப் பற்றி, தெரிவித்தார் என்ற ஒரு சொல்லோடு சரி.

இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன் என்றால் நம்புவாயா? அடுத்த கட்டைப் பிரிக்கும்வரை சிரித்தேன்.

அதில் உன் கையெழுத்து இருந்தது. பன்னிரண்டு கடிதம். நீ போன வருஷத்திலிருந்து, ஒவ்வொரு மார்ச்சிலும் ஒன்று. "இன்னும் ஒரு வருடம் விடுப்பு வழங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை என் தங்கை மனமுவந்து பணியைக் கவனித்துக்கொள்வார்." எனக்கு அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறேன் என்று எழுதுவாய், அதே மாதத்தில் அவர்களுக்கு இப்படி எழுதுவாய். கடைசிக் கடிதத்தின் தேதி இந்த மார்ச் 6. எனக்கு ஒரு வரி எழுத முடியாமல் போன வாரங்களில், காய்ச்சலோடு அவர்களுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். எழுத்து ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை.

செயலாளரிடம் போய்க் கேட்டேன். "உனக்குத் தெரியாதாம்மா? உன்கிட்ட கேட்டுட்டுத்தானே எழுதறாருன்னு நாங்க நெனச்சோம்" என்றார் பாவம். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, அவர் மனைவி எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேனே அண்ணா. ஏன் கேட்கவில்லை?

வாசலைப் பற்றியும் உனக்கு முன்பே தெரியுமா? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது.

தங்கை.


மே 9

என் தங்கச்சிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

தெரியும். நான் இங்கே கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா என்னை மேலே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். "இது திறக்காத வரைக்கும் வீடு நம்மது. தங்கச்சிகிட்ட சொல்லாத. தெரிஞ்சா அவ நிக்க மாட்டா" என்றார். நானும் தலையாட்டினேன். கீழே வந்து பார்த்தால் நீ எனக்காகச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கீழே இயந்திரம் எதுவும் இல்லை. முதல் இரண்டு வருஷம் மேற்பார்வை பார்த்தேன், அப்புறம் ஆளைக் குறைத்தார்கள். ஒன்பது வருஷமாக நிலவறையில் நின்றுகொண்டு படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். பகலா இரவா என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு அறையில் எட்டுப் பேர், எனக்கு மேல் கட்டில். பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. ஒப்பந்தத்தை நீட்ட மாட்டேன் என்றால் இத்தனை வருஷ வேலைக்கான தொகை கிடையாதாம். கேட்டவர்கள் கதி என்ன ஆயிற்று என்று பார்த்திருக்கிறேன்.

எட்டுப் பேரிடமும் ஊரில் எனக்கு மணிக்கூண்டோடு ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. அதையும் விட்டால் படிவத்தில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. அதனால்தான் வருஷா வருஷம் எழுதினேன். உன்னைக் கேட்டால் நீ மாட்டேன் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில் கேட்கவே இல்லை.

நான் செய்தது தப்பு. காலில் விழவும் தயார். ஆனால் அந்தச் சுவரை மட்டும் திறக்காதே.

உன் அண்ணன்.


மே 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். நிலவறையில் நிற்கிறாய் என்று தெரிந்திருந்தால் இத்தனை வருஷம் உன்மேல் பொறாமைப்படாமலாவது இருந்திருப்பேன். கால் வீங்குகிறதா? நின்றே வேலை செய்பவர்களுக்கு வீங்கும். படுக்கும்போது காலைத் தலையணை மேல் தூக்கி வை.

இரண்டாம் முறை படித்தபோது கோபம் வந்தது. அம்மாவை எடுத்த அன்று மணியடித்தது நான். எல்லோரும் முற்றத்தில் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். பெற்ற மகள் உள்ளே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அடைத்த சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் பத்தடி இருந்திருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது மண்ணைத் தள்ளி முடித்திருந்தார்கள். உனக்கு அப்போதும் தெரியும், அண்ணா. நான் ஒன்பதாம் நாள் உனக்கு எழுதிய கடிதத்துக்கு, ஆறுதல் சொல்லி நாலு பக்கம் எழுதினாய். அதில் இதற்கு இடமில்லையா?

மூன்றாம் முறை படித்த பிறகு கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். குறிப்பை வாசித்துக் காட்டினேன். பாதிரியார் புத்தகத்தை வாங்கித் தானே ஒரு முறை படித்தார். பிறகு, "திறந்துடலாம். அஞ்சு குடும்பம் முறை வச்சு அடிக்கட்டும்" என்றார். வீட்டை ஞாயிறு வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் காலி செய்யச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது, நானே சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு திருத்தம் கேட்டேன். உன் பன்னிரண்டு கடிதங்களையும் பதிவு செய்த பக்கங்களில், மனமுவந்து என்ற சொல் தவறு என்று குறிப்பெழுதச் சொன்னேன். செயலாளர் பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டார். பன்னிரண்டு இடத்திலும் அடித்து, ஓரத்தில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

உனக்கு இது வலிக்கும். எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் போகிறேன்.

தங்கை.


மே 27

தங்கச்சி,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. நலம்தானே? நான் இன்றைக்கே மேலதிகாரியிடம் பேசுகிறேன். ஆறு மாதம் பொறு, ஆறே மாதம். கமிட்டிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். சுவரில் கை வைக்கச் சொல்லாதே.

அண்ணன்.


ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது இடத்திலிருந்து எழுதுகிறேன். நான் நலம். தண்ணீர் மாறியதில் லேசாகத் தொண்டை கட்டியிருக்கிறது. உன் கால் எப்படி இருக்கிறது?

உன் கடைசிக் கடிதத்தைச் செயலாளர் இந்த விலாசத்துக்குத் திருப்பி அனுப்பினார். நீ அதை எழுதிய நாளுக்கு முந்தின நாளே சுவரைத் திறந்தாயிற்று. அரை நாள் வேலைதான், இவ்வளவுக்கும். வெளிப்பூச்சு கழன்றதும் கொத்தனார் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இத வெளிய நின்னு அடைக்கலக்கா. சாந்த அப்புன கை உள்ள இருந்திருக்கு பாருங்க" என்றார். அடைத்த ஆள் அப்புறம் நம் சமையலறை வழியாகத்தான் வெளியே வந்திருக்க வேண்டும். அது கொள்ளுத்தாத்தாவா, அந்த அம்மாளேவா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை வரலாற்றில் எழுதியிருக்கிறேன். அந்த அம்மாள் பத்தொன்பது வருஷம் மணியடித்ததையும், நான் பதினோரு வருஷம் அடித்ததையும் எழுதியிருக்கிறேன். நீ உடைத்த நீலக் கண்ணாடியும் உண்டு. நீ எழுதிய கடிதங்களைப் பற்றி எழுதவில்லை, அவை பதிவேட்டில் இருக்கின்றன, தேடுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வீடு போய்விட்டது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் பல முறை உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. உன் பொருட்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். இங்கே எனக்கு அச்சகத்தின் மாடியில் பின்பக்க அறை. ஜன்னல் ஒன்று, அடுப்பு ஒன்று. நீ வந்தால் படுக்க இடம் இருக்கிறது. பாஸ்போர்ட் உன்னுடையது அண்ணா, அதை அலமாரியில் பூட்டிவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. இங்கே வக்கீல் ஒருவரின் புத்தகத்துக்குத்தான் பிழை பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவரைக் கேட்டேன். யாருக்கு எழுத வேண்டும் என்று விவரம் தந்தார், தனித்தாளில் வைத்திருக்கிறேன். முகவரி எழுத இடம் இல்லையென்றால் இந்த அறையை எழுதிக்கொள். எழுதுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டுவிட்டு எழுது.

கிளம்பிய அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நேராக இங்கே வரும் பஸ் பதினொன்று ஐம்பதுக்கு. இத்தனை வருஷம் அந்த நேரத்தில் நான் படிக்கட்டு ஏறிக்கொண்டிருப்பேன். அன்று தையல்காரர் மனைவியின் முறை, தனியாக அடிப்பது அவருக்கு முதல் தடவை. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கை தானாக மடியில் கயிற்றைத் தேடியது, பக்கத்தில் இருந்த பெண்மணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கல்குவாரி வளைவில் பஸ் திரும்பும்போது மணி கேட்டது.

அதன் அடியிலேயே நின்று பழகியவள் நான். எனக்கு அது காதைப் பிளக்கும் இரும்புச் சத்தம், அவ்வளவுதான். அப்பா அடித்த காலத்தில் நான் அதைக் காதில் வாங்கியதே இல்லை; வெளியே, தூரத்தில், வயல் தாண்டி அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இவ்வளவு மென்மையாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. வாயைப் பொத்திக்கொண்டு எண்ணினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பிறகு இன்னும் ஒன்று.

பதிமூன்று அடித்துவிட்டார். பிழைதான். திருத்த நான் இறங்கவில்லை.

உன் தங்கை.